ருசி பாராமல் சமைப்போர்

பகல் முழுவதும் ஒரு துளி நீரும் நாவிற் படாதிருக்கும் ஒருவர், அந்திக்கு முந்திய இரண்டு மணி நேரத்தை அடுப்பின் அருகிலே, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து கொதித்து மணக்கும் பாத்திரத்தின் முன்னால் நின்று கழிக்க வேண்டுமென்றால், அதற்கு எத்தகைய மனத்திடம் வேண்டுமென்பதை, வயிற்றில் பசியோடு ஒரு நாளேனும் சமையற்கட்டில் நின்றவர்களே அறிவார்கள். ரமலான் மாதம் பிறந்துவிட்டால், இந்தோனேசியாவின் இல்லங்களில் இந்தக் காரியம் நாள்தோறும் நடக்கிறது. உப்பு போதுமா, காரம் மிஞ்சியதா, இனிப்பு பதத்திற்கு வந்ததா என்பதை நாவினால் சோதித்துப் பாராமல், கண்ணினாலும் மூக்கினாலும் கைப்பழக்கத்தினாலும் மட்டுமே அறிந்து, ஒரு குடும்பத்திற்கு வேண்டிய ஆகாரத்தை அந்நாட்டுத் தாய்மார்கள் ஆக்கி முடிக்கிறார்கள். நோன்பு திறக்கும் வேளையின் விருந்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உண்பவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் ஆக்குபவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பூமத்திய ரேகை அந்தத் தேசத்தின் நடுவே ஓடுகிறது. பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் அந்த ரேகையின் இரு பக்கத்திலும் சிதறிக் கிடப்பதால், வட தேசங்களில் கோடைகால நோன்பு பதினெட்டு மணி நேரத்திற்கு நீள்வதும், குளிர்கால நோன்பு மிகச் சுருங்கிவிடுவதுமான வேற்றுமை அங்கே இல்லை. ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நோன்பு ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம்; ஜகார்த்தாவில் மாலை ஆறு மணியை ஒட்டியே மஃரிப் என்னும் அந்தித் தொழுகையின் பாங்கு ஒலிக்கும். சமைப்பவருக்கு இது ஒரு பெரும் அனுகூலம். பாட்டி எந்த நேரத்தில் அடுப்பை மூட்டினாளோ, ஏறத்தாழ அந்த நேரத்திலேயே பேத்தியும் மூட்டலாம். பிற்பகலின் அஸர் தொழுகை முடிந்ததும் தேங்காய் துருவத் தொடங்கினால், பள்ளிவாசலில் பெடுக் என்னும் பெரிய முரசு முழங்குவதற்குச் சற்று முன்னதாக எல்லாம் மேசைக்கு வந்துவிடும். அந்த இடைப்பொழுதில் வீட்டிலுள்ள மற்றவர்கள் காலாற நடந்தும் கடைத்தெருவைச் சுற்றியும் பசியை மறந்திருக்கிறார்கள். சுந்தா மக்கள் 'ஙாபுபுரித்' என்று வழங்கிய இந்த அந்தி உலாவை இன்று தேசம் முழுவதுமே அந்தப் பெயராலேயே அழைக்கிறது. உலாவப் போக முடியாதவர் அடுப்பைக் காத்து நிற்பவர் ஒருவரே.

நோன்பு திறக்கும் உணவு அங்கே இரண்டு படிகளாக அமைந்திருக்கிறது. முதலில் தக்ஜில் என்னும் சிற்றாகாரம்: ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய் நீர், பின்னர் ஒரு சிறிய கிண்ணத்தில் இனிப்பு. அதன்பின் எழுந்து சென்று மஃரிப் தொழுகையை நிறைவேற்றிவிட்டு வந்துதான் சோற்றின் முன் அமர்கிறார்கள். நேரம் வந்ததும் நோன்பைத் தாமதியாமல் திறக்க வேண்டுமென்பதும், பேரீச்சம்பழத்தினாலும் அது கிட்டாதபோது நீரினாலும் திறப்பது சிறந்ததென்பதும் நபிகள் நாயகத்தின் வழிமுறை. 'இனிப்பினால் நோன்பு திறவுங்கள்' என்று இந்தோனேசியாவில் யாவரும் சொல்லும் வாசகத்தை நபிமொழியென்றே பலர் எண்ணியிருப்பினும், அது மக்களின் வழக்கிலிருந்து எழுந்த வாசகமே என்று அந்நாட்டு உலமாக்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. எவ்வாறாயினும், நெடுநேரம் வெறுமையாய் இருந்த சரீரத்திற்குச் சிறிதளவு சர்க்கரையும் வெதுவெதுப்பான திரவமும் முதலில் செல்வதும், அவை இரத்தத்தில் கலந்து களைப்பு நீங்கும் வரை ஒரு தொழுகையின் நேரம் காத்திருப்பதும், அதன்பின் கனமான உணவை நாடுவதும் மிக நுட்பமான ஏற்பாடு. பசித்தவன் சோற்றின் மேல் பாய்ந்துவிடாதபடி அவனுடைய கையைச் சற்று நேரம் பற்றி நிறுத்தும் இந்த இடைவேளையை நான் பெரிதும் மதிக்கிறேன். தக்ஜிலிலேயே வயிறு நிரம்ப உண்டுவிட்டால் இந்த ஏற்பாடே வீணாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிண்ணம் சிறியதாயிருப்பதற்குக் காரணம் சிக்கனமன்று.

அந்தச் சிறிய கிண்ணத்தில் மிகுதியாக இடம்பெறுவது கோலாக். ஆண்டின் மற்ற நாட்களிலும் அது கிடைக்கக்கூடியதே. ஆயினும் ரமலான் என்ற சொல்லைக் கேட்டதும் ஜாவா, சுமத்திரா, மதுரா எங்கும் ஜனங்களின் நினைவில் முதலில் எழுவது இதன் வாசனைதான். தேங்காய்ப்பால், கருப்பட்டி, வாழைப்பழம், கிழங்கு, ஒரு முடிச்சு ரம்பை இலை, ஒரு சிட்டிகை உப்பு: இவ்வளவே அதன் பொருள்கள். ஏழையின் கொல்லையிலும் விளையக்கூடிய இந்தப் பொருள்களைக் கொண்டு ஒரு தேசம் முழுவதும் தன் நோன்பைத் திறக்கிறதென்பதே எனக்கு அந்தப் பதார்த்தத்தின் மேல் உள்ள பிரியத்திற்கு முதற்காரணம்.

இதில் கருப்பட்டியின் தன்மையே பெரிது. தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது ஒரு வகை. அரேன் என்னும் பனை இனத்தின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது மற்றொரு வகை. பின்னது நிறத்தில் கருமையும் மணத்தில் புகையின் சாயலும் கொண்டது. இலங்கையின் கித்துள் கருப்பட்டியை உண்டறிந்தவர்கள் அதன் சுவையை எளிதில் ஊகித்துக்கொள்வார்கள். இரண்டையும் மூங்கில் குழாய்களிலோ தேங்காய்ச் சிரட்டைகளிலோ ஊற்றி உறையவைப்பது வழக்கம். அந்த அரேன் பனையே கோலாக்கிற்கு இன்னொரு கொடையையும் அளிக்கிறது. அதன் முற்றாத காய்களின் சாறு தோலில் பட்டால் தாங்க முடியாத அரிப்பைத் தரும். ஆகவே காய்களைத் தீயில் வாட்டியோ நீரில் வேகவைத்தோ அந்தக் காறலைப் போக்கி, உள்ளிருக்கும் விதைகளைப் பிதுக்கியெடுத்து, தட்டித் தட்டையாக்கி, நாட்கணக்கில் நீரில் ஊறவைப்பார்கள். நம் நுங்கைப் போலக் கண்ணாடி நிறமும், நுங்கைவிடச் சற்று அழுத்தமும் கொண்ட அந்த விதைக்குக் கோலாங் காலிங் என்று பெயர். ஆண்டின் மற்ற நாட்களில் அவ்வளவாகத் தேடப்படாத இந்தப் பண்டம் ரமலான் பிறந்ததும் சந்தைகளில் குவியல் குவியலாக வந்து இறங்கும்.

கோலாக் வைக்கும் முறையில் அவசரத்திற்கு இடமில்லை. ஒரு முற்றிய தேங்காயைத் துருவிப் பிழிந்து, முதற்பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலையும் மூன்றாம் பாலையும் ஒன்றாகக் கலந்து அடுப்பில் ஏற்ற வேண்டும். ஏறத்தாழ கால் கிலோ கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, ரம்பை இலையை முடிந்து அதனுடன் போட வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, மரவள்ளியோ, பரங்கிக்காயோ எது கிடைக்கிறதோ அதைத் துண்டமாக்கி முதலில் இட்டு, அது முக்கால் பாகம் வெந்த பிறகே வாழைப்பழத்தைச் சேர்க்க வேண்டும். பழத்திலும் தேர்வு உண்டு: நாம் வெறுமனே உரித்துண்ணும் மென்மையான பழங்கள் கொதியில் கரைந்து கூழாகிவிடும், பட்டை பட்டையாகத் தடித்த தோலுள்ள கெப்போக் என்னும் பழமோ, கொம்பு போல் நீண்ட தாண்டுக் என்னும் பழமோதான் வெந்தும் உருக்குலையாமல் நிற்கும். எல்லாவற்றிற்கும் கடைசியில் முதற்பாலை ஊற்றி, தளதளவென்று கொதிக்க விடாமல், கரண்டியால் முகந்து முகந்து மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் பால் திரிந்து எண்ணெய் ஒருபுறமும் திப்பி ஒருபுறமுமாகப் பிரிந்துவிடும். உப்பை மறந்துவிட்டால் கோலாக் வெறும் பாகாகவே நின்றுவிடும். அந்த ஒரு சிட்டிகைதான் தேங்காயின் மணத்தையும் கருப்பட்டியின் கருமையையும் ஒன்றோடொன்று பொருத்திவைக்கிறது. அந்த ஒரு சிட்டிகையைச் சமைப்பவர் ருசி பார்த்து இடுவதில்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழக்கூடும். நோன்பாளி தேவையை முன்னிட்டு நுனிநாக்கில் ஒரு துளி வைத்துச் சுவை பார்த்துவிட்டு, தொண்டைக்குள் இறங்காமல் உமிழ்ந்துவிடுவதற்கு மார்க்கச் சட்டத்தில் அனுமதி இருக்கிறது. இந்தோனேசிய முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்டப் பிரிவின் நூல்களும், சமைப்பவருக்குத் தேவை இருக்குமானால் அது வெறுக்கத்தக்கதன்று என்றே கூறுகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரைப் பட்டினத்து முஸ்லிம்களும் இதே மத்ஹபைச் சேர்ந்தவர்களாதலால், அவர்களுடைய இல்லங்களிலும் இந்தச் சட்டம் பழகிய ஒன்றே. அப்படியிருந்தும் அந்த அனுமதியைப் பயன்படுத்தாமலே சமைத்துவிடும் பெண்கள் இரு கரைகளிலும் ஏராளம். சட்டம் இடம் கொடுக்கும் இடத்திலும் கை தன் பழக்கத்தையே நம்பி நிற்கிறது. நோன்பு பிடிக்கும் வயதடையாத குழந்தை ஒன்று வீட்டிலிருந்தால், அன்றைய சுவை பார்க்கும் அதிகாரம் அதற்கு வந்து சேரும். ஜாவாவில் சிறுவர்கள் நண்பகல் முரசு முழங்கும் வரை மட்டும் அரை நோன்பு பிடித்துப் பழகுவது நெடுங்கால வழக்கம். மதியம் நோன்பை முடித்துக்கொண்ட அந்தச் சிறுவனே மாலையில் தாயின் கரண்டியிலிருந்து ஒரு துளி வாங்கி, உப்பு காணாதென்றோ போதுமென்றோ தீர்ப்புச் சொல்வான்.

நாவின் துணையின்றிச் சமைக்க முடிவதற்கு இன்னொரு காரணம் அந்நாட்டுச் சமையலின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் சமையலில் தாளிப்பும் பொடிகளும் செய்யும் வேலையை அங்கே 'பும்பு' என்னும் அரைத்த விழுது செய்கிறது. இல்லத்தரசிகள் இதை மூன்று நிறங்களாக வகுத்து வைத்திருக்கிறார்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் மல்லி விதையும் கெமிரி என்னும் எண்ணெய்ச் சத்துள்ள கொட்டையும் சேர்ந்தது வெள்ளை விழுது. அதனுடன் மஞ்சள் சேர்ந்தால் மஞ்சள் விழுது. சிவந்த மிளகாய் மிகுந்தால் சிவப்பு விழுது. பேரரத்தை, இஞ்சி, எலுமிச்சைப்புல், சாலாம் என்னும் மர இலை, நாரத்தை வாசம் வீசும் ஒரு வகை எலுமிச்சையிலை இவை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கூடிக்கொள்ளும். நோன்பு தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் இந்த மூன்று விழுதுகளையும் நிறைய அரைத்து, எண்ணெயில் வதக்கி, கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைத்துக்கொள்வது இன்றைய குடும்பங்களில் பரவிவிட்ட வழக்கம். பசி இல்லாத நாளில், நாவினால் சோதித்து, அளவறிந்து ஆக்கிய விழுது அது. நோன்பு நாளில் அதைக் கரண்டிக் கணக்கில் எடுத்துப் போட்டால் போதும்.

ஆயினும் சாம்பால் என்னும் மிளகாய்த் துவையல் மட்டும் அன்றன்றைக்கே அரைபட வேண்டும். குழிவில்லாத தட்டுப் போன்ற கற்சட்டியும், வளைந்த சிறு குழவியும் அங்கே எந்தச் சமையலறையிலும் உண்டு. மிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம், தீயில் வாட்டிய இறால் விழுது ஆகியவற்றை அதில் இட்டு மணிக்கட்டை முன்னும் பின்னும் அசைத்துத் தேய்க்கும்போது எழும் வாசனை அடுத்த வீட்டுக்காரரையும் எட்டும். இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த அந்த விழுதின் வாடை பழகாதவர்களுக்குக் கடுமையாகத் தோன்றும். பழகியவர்களுக்கோ அது இல்லாத சோறு சோறாகாது.

தக்ஜில் வகைகளில் கோலாக் தவிர மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கிண்டிக் களிபோலாக்கி மேலே கருப்பட்டிப் பாகு ஊற்றியது புபுர் சும்சும். பல்லும் வயிறும் தளர்ந்த முதியவர்களுக்கு இதனினும் இதமானது வேறில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து மரவள்ளி மாவுடன் சிறு உருண்டைகளாக்கிப் பாகில் வேகவைத்தது பிஜி சாலாக். ஜகார்த்தாவைச் சூழ்ந்த பிரதேசங்களில், வெளிர் மஞ்சளான ஒரு பெரிய வெள்ளரிப்பழத்தை ரமலானைக் கணக்கிட்டே விதைத்து, அந்த மாதத்தில் பறித்து விற்பார்கள். அதைச் சுரண்டிப் பனிக்கட்டியும் பாகும் கலந்து பருகுவர். மக்கஸார் நகரத்தில் முழு வாழைப்பழத்தைப் பச்சை நிற அரிசிமாவில் பொதிந்து ஆவியில் வேகவைத்து, களியும் சிவந்த சர்பத்தும் பனிக்கட்டியும் சேர்த்துத் தருகிறார்கள். மேற்குச் சுமத்திராவின் புக்கிட்டிங்கியிலோ கோலாக், களி, கிழங்குருண்டை, ஒட்டரிசிச் சோறு ஆகிய பலவற்றையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்துப் புபுர் கம்பியூன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அது ஒரு முழு உணவுக்கு ஈடானது. தொழுகைக்கு முன் உண்ணத் தக்கதென்று எனக்குத் தோன்றவில்லை.

இனிப்போடு கூட எண்ணெயில் பொரித்த பண்டமும் வேண்டுமென்பது அங்கே ஏறக்குறைய விதியாகிவிட்டது. முட்டைக்கோசும் கேரட்டும் முளைகட்டிய பயறும் கோதுமைமாவில் பிசைந்து பொரித்த பக்வான், காய்கறி திணித்த டாஹூ என்னும் சோயாக் கட்டி, இவற்றோடு பச்சைக் காந்தாரி மிளகாயை ஒரு கடி கடித்துக்கொள்வது அவர்களுடைய ரசனை. பொரித்த பண்டங்களுள் என் மனத்தைக் கவர்வது தெம்பே. சோயா அவரையை வேகவைத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, மீண்டும் வேகவைத்து, ரைஸோபஸ் என்னும் பூஞ்சை வித்தைத் தூவி, வாழையிலையில் பொதிந்து ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வைத்திருந்தால், அந்தப் பூஞ்சையின் வெண்ணிற இழைகள் அவரைகளைப் பிணைத்து ஒரு பாளமாக்கிவிடும். ஜாவாவில் பிறந்த இந்தப் பக்குவம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட 'செரத் செந்தினி' என்னும் ஜாவானிய நூலிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. புலால் வாங்க இயலாத குடும்பத்திற்குப் புரதம் தருவது அதுவே. பன்யுமாஸ் பகுதியில் அதை மெல்லிய தகடுகளாகச் சீவி, வெங்காயத்தாள் கலந்த மாவில் தோய்த்து, மொறுமொறுப்பு ஏறுமுன்பே எண்ணெயிலிருந்து எடுத்துவிடுவார்கள். மெண்டோவான் என்று அதற்குப் பெயர். சூடு ஆறுமுன் உண்டால்தான் அதற்கு மதிப்பு என்பதால், பாங்குக்குப் பத்து நிமிஷம் முன்னதாகத்தான் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும்.

தொழுகைக்குப் பிறகு வரும் சோற்றில் ஆடம்பரத்தை எதிர்பார்க்கலாகாது. ரெண்டாங், ஓப்போர் முதலிய கனமான இறைச்சிக் கறிகள் நோன்பின் முதல் நாளுக்கும் பெருநாளுக்கும் உரியவை. இடைப்பட்ட நாட்களில் வீட்டுச் சமையல் எளிமையை நாடுகிறது. பகலெல்லாம் நாவு வறண்டிருந்தவருக்குப் புளிப்பே ருசியைத் திருப்பித் தருமாகையால், சாயுர் அசம் என்னும் புளிக் குழம்பு அடிக்கடி இடம்பெறும். பிஞ்சுப் பலா, தட்டைப்பயற்றங்காய், சோளக்கதிர்த் துண்டம், சௌசௌ, வேர்க்கடலை ஆகியவற்றைப் புளி கரைத்த நீரில் வேகவைத்து, சிறிது கருப்பட்டியும் சேர்த்து இறக்கிய தெளிந்த குழம்பு அது. எண்ணெய் ஒரு துளியும் அதில் இல்லை. மற்றொரு நாள் கீரைக் குழம்பு வரும்: தண்டுக்கீரையும் இளஞ்சோளமும் கச்சோலக் கிழங்கின் மணமும் கூடிய வெறும் தெளிநீர்தான் அது, ஆயினும் களைத்தவருக்கு அமிர்தம். கீரையை மறுபடி சூடாக்குவது தகாதென்று ஜாவாவின் மூதாட்டிகள் கருதுவதால், ஒரு வேளைக்கு வேண்டிய அளவே வைத்து அந்த வேளையிலேயே தீர்த்துவிடுவார்கள். பொரித்த மீனோ கோழியோ ஒரு துண்டு, இனிப்புச் சோயாச் சாற்றில் புரட்டிய தெம்பே, மேலே சொன்ன சாம்பால், கடித்துக்கொள்ள ஒரு அப்பளம்: அவ்வளவுதான்.

வீட்டுச் சமையல் வீட்டோடு நிற்பதில்லை. ஒரு பாத்திரம் கோலாக் வைத்தால் அதில் ஒரு பாகம் மூடியிட்ட கிண்ணங்களில் அண்டை அயலுக்குச் செல்லும். இன்னொரு பாகம் சிறுவர் கையில் பள்ளிவாசலுக்குச் செல்லும். நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவர், அவருடைய நோன்பின் நன்மைக்குச் சமமான நன்மையைப் பெறுவார் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. இவ்வாறு தெருத்தோறும் திரண்ட கொடையே பெரிய உருவெடுத்து, சில ஊர்களில் பொதுக் கஞ்சியாக நிலைபெற்றிருக்கிறது. ஆச்சே நாட்டுச் சிற்றூர்களின் தொழுகைக் கூடங்களில் அரிசியும் இறாலோ கோழியோ ஒன்றும் காய்கறியும் வாசனாதி திரவியங்களும் சேர்த்துக் காய்ச்சி வழங்கும் 'கஞ்சி ரும்பி', பெயரிலும் பக்குவத்திலும் நம் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்கு மிக நெருங்கிய உறவுடையது. வங்கக் கடலில் பல நூற்றாண்டுகளாக மரக்கலங்கள் போய் வந்ததை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. ஸெமராங் நகரின் பெகோஜான் பள்ளிவாசலில் இந்திய வணிகரின் வழிவந்தோர் விறகடுப்பில் பெரிய செப்புப் பாத்திரமேற்றி, தேங்காய்ப்பாலும் இஞ்சியும் பட்டையும் மணக்கும் கஞ்சியைத் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சி வருகிறார்கள். ஸோலோ நகரில் களிமந்தானிலிருந்து வந்து குடியேறிய ரத்தின வியாபாரிகளாகிய பஞ்சார் மக்கள் நெய் மணக்கும் தங்கள் கஞ்சியை, யார் எந்தப் பாத்திரத்தோடு வந்து நின்றாலும் வார்த்துக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் இருக்க, நகரங்களில் இன்று தக்ஜில் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஜகார்த்தாவின் பெண்டுங்கான் ஹிலிர் பகுதியிலும், பஞ்சார்மாசின் நகரின் பலகாரச் சந்தையிலும், மாலை நான்கு மணிக்கே ஜனத்திரள் கூடிவிடும். அலுவலகத்திலிருந்து நெரிசலில் சிக்கித் திரும்பும் ஒரு பெண்ணை நோக்கி, வீட்டில் ஏன் தேங்காய் துருவவில்லை என்று கேட்பது நியாயமாகாது. சந்தையில் அமர்ந்து விற்பவர்களும் பெரும்பாலும் தங்கள் வீட்டு அடுப்பில் ஆக்கியதையே கொண்டுவரும் எளிய குடும்பத்தினர். அந்த ஒரு மாத வருவாயில் பெருநாள் உடுப்பு வாங்குபவர்கள். எனவே சந்தையை நான் குறைகூறவில்லை. ஆனால் 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, கூடி நோன்பு திறக்கும் விருந்துகளெல்லாம் நின்றுபோனபோது, பல குடும்பங்கள் வெகுகாலத்திற்குப் பின் தினமும் வீட்டிலேயே கோலாக் வைத்தன. எந்தக் கிழங்கை முதலில் இடுவது, பாலை எப்போது ஊற்றுவது என்பதை அறிந்த ஒரு மூத்தவள் இருந்த வீட்டிற்கும், இல்லாத வீட்டிற்குமுள்ள வேற்றுமை அப்போது தெரிந்திருக்கும். ஏட்டில் எழுதிவைத்த அளவைக் கொண்டு எவரும் ஒருமுறை சமைத்துவிடலாம். ருசி பாராமலே உப்பிடும் கை, வேறொரு கையின் அருகில் பல ரமலான்கள் நின்று பழகிய பிறகே உண்டாகிறது. வீட்டு அடுப்பு அணைந்துவிட்டால் அந்தப் பழக்கத்திற்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. வாரத்தில் ஒருநாளேனும், விடுமுறை நாளிலேனும், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அந்த அடுப்பை மூட்ட வேண்டுமென்று நான் விரும்புவது இதனாலேயே.

இன்னொன்றையும் மனத்தில் பட்டபடி சொல்லிவிடுகிறேன். நோன்பு எல்லோருக்கும் பொது. அந்தியில் அடுப்படி வெப்பமும், வைகறையில் மூன்று மணிக்கு எழுந்து ஸஹர் என்னும் நோன்புக்கு முந்திய உணவுக்குச் சோறு சூடாக்கும் வேலையும் மட்டும் ஏன் பெண்களுக்கே உரியவையாக வேண்டும்? பல நாட்கள் கெடாதிருக்கும்படி வறண்டு கறுக்கும் வரை வதக்கிய ரெண்டாங்கை நோன்புக்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளும் மினாங்கபௌப் பெண்கள், அந்த வைகறை வேலையைத் தங்கள் சாமர்த்தியத்தால் சற்றுக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சுமையைப் பகிர்ந்துகொள்ள முற்பட்ட ஆண்களும் அந்நாட்டில் உண்டு.

கிழக்கு ஜாவாவில் கிரெஸிக் நகருக்கு அருகே குமெனோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது பெரியார்களில் ஒருவரான ஸுனன் கிரியின் புதல்வர் ஸுனன் டாலெம் அவ்வூரில் வந்து தங்கிப் பள்ளிவாசல் எழுப்பியிருந்த காலத்தில், எந்த மருந்துக்கும் அடங்காத நோய்வாய்ப்பட்டார் என்றும், பின்னர் தமக்குக் கிடைத்த உட்குறிப்பின்படி, ஊரார் கொண்டுவந்த சேவல்களைத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சீரகமும் வெங்காயத்தாளும் சேர்த்துச் சமைக்கச் செய்து, அதனால் நோன்பு திறந்து குணமடைந்தார் என்றும் அவ்வூர் வரலாறு கூறுகிறது. அது ஹிஜ்ரி 946-ஆம் ஆண்டு, கிறிஸ்தவக் கணக்கில் 1540, ரமலான் மாதத்தில் நிகழ்ந்ததென்பர். அன்று முதல் ரமலான் 23-ஆம் இரவு தோறும் அந்தக் கோழிக் கோலாக் அவ்வூரில் ஆக்கப்படுகிறது. வாழைப்பழத்திற்குப் பதில் கோழியும், கிழங்கிற்குப் பதில் கட்டுக்கட்டாக வெங்காயத்தாளும் இனிப்புப் பாலில் வேகும் அந்தக் கலவையைக் கேட்ட மாத்திரத்தில் நம் நாவு தயங்கக்கூடும். சீரகத்தின் கார்ப்பு அந்த இனிப்பைத் திகட்டாமல் தாங்கிக்கொள்வதாக உண்டவர்கள் சொல்கிறார்கள். அதனைச் சமைப்பவர்கள் ஆண்களே, சம்பிரதாயம் அப்படி. முதல் நாளே கருப்பட்டியைக் காய்ச்சி, சேவல்களைச் சுத்தம் செய்து, வெங்காயத்தாள் அரிந்து, தேங்காய்ப்பால் பிழிந்து, நோன்போடு பள்ளிவாசல் வளாகத்தில் பெரிய அண்டாக்களைச் சூழ்ந்து நின்று அவர்கள் கிளறுகிறார்கள். செலவை ஊரார் பகிர்ந்துகொள்கிறார்கள். மாலையில் வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து திண்ணைகளிலும் முற்றத்திலும் வரிசையாக அமர, ஒட்டரிசிச் சோறும் பேரீச்சம்பழமும் நீரும் அந்தக் கோலாக்கும் அவர்கள் முன் வைக்கப்படுகின்றன.